ஃபர்னஸோடு சேர்த்து ஏசியும்

குளிர்காலம் தொடங்குமுன், வீட்டைச் சூடாக்குகிற எங்கள் ஃபர்னஸைச் சோதித்துப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வருவார். வழக்கமாக வந்தவர் தூசு தட்டி, வடிகட்டியை மாற்றச் சொல்லிவிட்டு, தேநீரும் வேண்டாம் என்று போய்விடுவார். போன நவம்பரில் வந்தவர் அப்படிப் போகவில்லை. பேஸ்மென்டில் கனநேரம் குந்தியிருந்து, வளைகிற கம்பி ஒன்றின் நுனியில் இருந்த கமராவை ஃபர்னஸின் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு திரையை எனக்குக் காட்டினார். இரும்பில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதன் வழியாக நச்சு வாயு வீட்டுக்குள் கசியலாம் என்றார். எரிவாயுவைப் பூட்டினார். ஓட்டக்கூடாது என்ற சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். வந்த கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான் மத்தியானம் பிணமாகிவிட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அந்த எரிச்சலைக் கொட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை என்பது அடுத்ததாக நினைவுக்கு வந்தது.

வீடு ஸ்காபரோவில் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய செங்கல் வீடு. நான் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி, காரில் அரைமணித் தூரத்தில் உள்ள ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. மகளுக்கு முதல் பிள்ளை கிடைத்தபோது எங்கள் வழக்கப்படி பிள்ளைப்பேறு பார்க்கப் போனாள். சரக்குத்தூள், நல்லெண்ணெய், வேப்பிலை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "முப்பத்தொண்டு கழிய வந்திடுவன்" என்று சொல்லித்தான் காரில் ஏறினாள். முப்பத்தொன்றாம் நாள் துடக்கும் கழிந்தது. மகள் வேலைக்குத் திரும்பும்வரை என்றார்கள். பிறகு பிள்ளைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை என்றார்கள். இடம் கிடைத்த நேரம் பார்த்து இரண்டாவதும் வந்து சேர்ந்தது. நான் பேரப்பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுசன் வாய்விட்டு ஆட்சேபிக்க முடியாத காரணங்களாகவே பார்த்துப் பார்த்து வந்தன.

நீங்களும் அங்கே போய் இருக்கலாமே என்று கேட்பீர்கள். மகளும் கேட்டாள், மருமகனும் கேட்டார். அவர்கள் பேஸ்மென்டில் எனக்கென்று ஒரு கட்டிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போய் நிற்பது ஒரு முறை. அதற்கு ஒரு மரியாதை உண்டு. மருமகன் வீட்டில் மாமனார் பாயை விரித்துக்கொண்டு கிடப்பதற்கு எங்கள் ஆட்களிடம் வேறு பெயர். மருமகன் நல்ல மனுசன், அவர் ஒன்றும் நினைக்கமாட்டார். நான்தான் நினைப்பேன். அதோடு, நானும் போய்விட்டால் மனைவி திரும்பி வருவதற்கு வீடென்று ஒன்று இருக்காது. உண்மையான காரணம் அதுதான். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஃபர்னஸ் போன செய்தியைச் சொன்னவுடன் மகள் ஸ்ரௌவ்வில்லில் இருந்து போனிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

"அப்பா, சீரியஸ்லி, அந்தப் பழைய வீட்டுக்கு இனியும் காசு போடப் போறியளோ? ஜஸ்ட் செல் பண்ணிப்போட்டு இஞ்சை வாங்கோ."

"பாப்பம்" என்றேன்.

"என்ன பாப்பம்? அங்கை ஹீட் இல்லை!"

"ரண்டு ஹீட்டர் வைச்சிருக்கிறன்."

மின்சார ஹீட்டர் இரண்டு வைத்திருந்தது உண்மை. ஹீட்டரும் கேத்திலும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் நின்றுவிடும் என்பதை நான் சொல்லவில்லை. தேநீர் வைக்கிற நேரம் ஹீட்டரை நிறுத்தி, தேநீர் குடித்துக்கொண்டே மறுபடி போடுவேன். குழாய்கள் உறையாமல் இருக்க ஒரு நூல் அளவுக்குத் தண்ணீரை ஓடவிட்டேன். வீட்டுக்குள் கம்பளித் தொப்பியோடு திரிந்தேன். சத்தமில்லாத வீட்டில் அந்தத் தண்ணீர் விழுகிற ஓசை மாத்திரம் கேட்டபடி இருந்தது. குளிரைவிட அது என்னை வதைத்தது.

ஒரு சாமானுக்கு ஒரு விலை இருக்கும் என்று நம்புகிற பழைய ஆள் நான். மீன்கடையில் விளைமீன் என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறான், வாங்குகிறவன் ஆர் என்று அவன் கேட்பதில்லை. ஃபர்னஸுக்கு அப்படி இல்லை என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன். முதலில் விலை சொல்ல வந்தவன் பளபளப்பான சப்பாத்தோடு வந்த வெள்ளைக்காரப் பொடியன். பேஸ்மென்டுக்கு இறங்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு கணினிப் பலகையை வைத்து, காசே இல்லாமல் நாளைக்கே புதிய ஃபர்னஸ் பூட்டித் தருவோம், மாதாமாதம் வாடகை கட்டினால் போதும் என்றான். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். விரலால் பலகையைத் தள்ளித் தள்ளி வேறு பக்கம் காட்டினான். வீட்டை விற்றால் அந்த வாடகை என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு ஒரு சிரிப்புத்தான் பதில். நான் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.

பிறகு ஃபர்னஸ் பூட்டுகிற எங்கள் தமிழ் ஆள் ஒருவரைக் கூப்பிட்டேன். நாற்பது வயது இருக்கும். காதில் போன் மாட்டியபடியே வந்தார், போனில் யாருக்கோ "வாறன், வாறன்" என்றபடியே என் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆனாலும் பார்த்தார். ஜன்னல்களை அளந்தார், மேல்மாடத்தில் தலையை விட்டு குளிர் தடுக்க எவ்வளவு பஞ்சு போட்டிருக்கிறது என்று பார்த்தார், காற்று வருகிற தகரக் குழாய்களைத் தட்டினார். விலை என்ன என்று கேட்டேன்.

"மெஷின்ர விலையை உடனை சொல்லலாம் அண்ணை. ஆனா நீங்கள் கட்டப்போறது வீட்டின்ர விலை."

"அதென்ன வீட்டின்ர விலை?"

விரலை மடக்கி மடக்கி அவர் சொன்னார். பழைய ஃபர்னஸின் புகை செங்கல் புகைபோக்கியால் போனது, புதியதின் புகை அதால் போகாது, சுவரைத் துளைத்துப் பிளாஸ்டிக் குழாய் விடவேண்டும். ஃபர்னஸ் விலகியதும் சுடுதண்ணீர்த் தொட்டி அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்துப்போகும், அதன் கொஞ்சப் புகை மேலே ஏறாது, அதற்காக உள்ளே ஒரு சின்னக் குழாய் இறக்கவேண்டும். காற்றுத் திரும்பி வருகிற குழாய் ஒடுக்கம், அகட்டவேண்டும். எரிவாயுவே வேண்டாமென்றால் மின்சாரத்தில் ஓடுகிற ஹீட் பம்ப் போடலாம், அரசாங்கமும் கொஞ்சம் தரும், ஆனால் இந்த வீட்டு மின்பலகை பழசு, அதை மாற்றுகிற செலவு தனி. இவ்வளவும் சொல்லிவிட்டு, பனி கொட்டுகிற நேரம் கேட்டால் ஒரு விலை, மே மாதம் கேட்டால் இன்னொரு விலை என்றும் ஒளிக்காமல் சொன்னார். குளிரில் நடுங்குகிறவனோடு பேரம் பேசத் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எத்தினை பேர் அண்ணை இருக்கிறியள்?"

"ரண்டு பேர்" என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

"அப்ப ஏசியையும் சேர்த்து மாத்துவம். உதுவும் கிழடு. ஏசியின்ர ஒரு பாதி ஃபர்னஸுக்கு மேலதான் இருக்கு. இப்ப கழட்டேக்கை ஒண்டாப் போட்டால் ஒரு கூலி. பிறகு போட்டால் திருப்பியும் எல்லாத்தையும் பிரிக்கவேணும். வேண்டாமெண்டால் இப்ப காசு மிச்சம். கோடையில வீட்டில ஆர் நிப்பினம் எண்டதைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் அதைச் சும்மாதான் சொன்னார், சொல்லிக்கொண்டே அடுத்த போனை எடுத்துவிட்டார். கோடையில் வீட்டில் யார் நிற்பார்கள்? ஆறு வருடமாக நான் யாரிடமும் கேட்காமல் தவிர்த்து வந்த கேள்வி அது.

ஏசி என்பது எங்கள் வீட்டில் அவளுடைய சாமான். எனக்கு வெயில் பிடிக்கும். யூலை மாதத்தில் வாசல்படியில் பனியனோடு இருந்து வேர்ப்பதுதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே சொகுசு. அவளுக்கு அந்த வயதில், மாதவிலக்கு நிற்கிற காலத்தில், திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். சமைத்துக்கொண்டிருப்பவள் அகப்பையை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி நிற்பாள். மத்தியானங்களில் பேஸ்மென்ட் சீமெந்துத் தரையில் போய்ப் படுத்துக்கொள்வாள். சுவரில் வீட்டுச் சூட்டை அமைக்கிற தெர்மோஸ்டாட்டை அவள் குறைப்பாள், நான் போகிற வாக்கில் கூட்டுவேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "ஆர் உதைத் தொட்டது?" என்று கேட்பாள், வீட்டில் வேறு பத்துப் பேர் இருப்பதுபோல. அந்தச் சண்டைக்காக இப்போது நான் என்னவும் கொடுப்பேன்.

அவளிடம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். போனில் கேட்க வழி இல்லை. மகள் வீட்டில் போன் எப்போதும் குசினி மேசையில் ஸ்பீக்கரில் கிடக்கும். நான் என்ன கதைத்தாலும் மகள் கேட்பாள், மருமகன் கேட்பார், மூத்த பேரன் இடையில் புகுந்து "அம்மப்பா, கெஸ் வாட்" என்று தொடங்குவான். நாற்பது வருடம் கட்டிய மனைவியிடம் நீர் திரும்பி வருவீரோ என்று ஒரு குடும்பமே கேட்டிருக்கக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன்.

அங்கே எல்லா வீடுகளும் ஒரே அச்சு. ஒவ்வொரு முறையும் வீட்டு இலக்கத்தைப் பார்த்துத்தான் திரும்புவேன். வீட்டுக்குள் இளஞ்சூடு. தொப்பியைக் கழற்றியதும் காது வலித்தது. என் தலைமயிரில் ஹீட்டர் மணம் அடிக்கிறது என்று மனைவி மூக்கைச் சுளித்தாள். பிறகு இடியப்பமும் சொதியும் வைத்தாள். நான் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் வைத்தாள். மகளும் மருமகனும் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோனபிறகு வீட்டில் நாங்கள் இருவரும் மட்டும். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று எண்ணிப்பார்க்கவும் பயமாக இருந்தது.

நான் ஃபர்னஸில் தொடங்கினேன். புகைபோக்கி, பிளாஸ்டிக் குழாய், ஒடுக்கமான தகரம் என்று எங்கள் ஆள் சொன்ன எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டாள். நல்ல கேள்விகளும் கேட்டாள். உத்தரவாதம் எத்தனை வருடம், சுவரில் துளை போட்டால் மழைத்தண்ணி இறங்காதோ, நகரசபை அனுமதி யார் எடுப்பது. கடைசியில் ஏசிக்கு வந்தேன்.

"ஏசியையும் ஒண்டாப் போட்டால் நல்லதாம். கோடையில வீட்டில ஆர் நிப்பினம் எண்டதைப் பொறுத்ததாம்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"நீங்கள் ஏசிக்குப் பகைதானே" என்றாள்.

"நான் பகைதான். நான் எனக்குக் கேக்கேல்லை."

கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டுமன் அப்பா. பாப்பம்."

பாப்பம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? மகள் வீட்டை விற்கச் சொன்னபோது நான் சொன்ன அதே சொல்தான். எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்வதற்கு வெட்கப்பட்டுச் சொல்லுகிற சொல். ஆனால் ஆசை பிடித்தவன் காதில் எல்லாமே ஓம் என்றுதான் விழும். திரும்பி வரும் வழியெல்லாம், சின்னவன் எந்தச் செப்டெம்பரில் பள்ளிக்கூடம் போவான் என்று கணக்குப் போட்டபடி ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஆளுக்குப் போன் எடுத்து இரண்டையும் போடச் சொன்னேன்.

"அக்காவும் ஓமெண்டவவோ?" என்று கேட்டார். வீட்டுக்காரியைக் கேட்காமல் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு மறித்தவர்கள் பலரை அவர் கண்டிருப்பார் போல.

"ஓம்" என்றேன்.

இரண்டு பேர் வந்து ஒரு பகல் முழுவதும் இடித்துத் தட்டிப் பூட்டினார்கள். வீட்டில் மனிதச் சத்தம் கேட்பது நன்றாக இருந்தது. மூன்று முறை தேநீர் கொடுத்தேன், மூன்றாவது முறை அவர்களே கூச்சப்பட்டார்கள். பின்பக்கம் பனிக்குள் புதிய ஏசிப் பெட்டியை வைத்து, வசந்தம் வரும்வரை போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சூடு மெல்லப் பரவியது. பேரப்பிள்ளைகளின் படம் மாட்டிய அறை வரைக்கும், யாரும் படுக்காத கட்டில்கள் வரைக்கும் பரவியது. எனக்கு அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. போன் எடுத்தேன்.

"ரண்டும் போட்டாச்சு" என்றேன்.

ஸ்பீக்கரில் பாத்திரங்கள் உருளும் சத்தம். "ஏசியுமோ? ஏனப்பா?" என்றாள் மனைவி. நான் பதில் சொல்லுமுன் பேரன், தன் பல் ஒன்று ஆடுகிறது என்று சொல்லத் தொடங்கினான். பல்லைப் பற்றித்தான் மிச்ச நேரம் முழுக்கக் கதைத்தோம்.

யூலையில் கோயில் தேர். ஒவ்வொரு வருடமும் மகள் குடும்பம் ஸ்காபரோவுக்குத் தேருக்கு வருவார்கள், நேரே வந்து நேரே போய்விடுவார்கள். இந்த முறை மனைவி தான் ஒருக்கால் வீட்டுக்குப் போய்க் களைப்பாறப் போவதாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்து முடிந்ததும் வந்து ஏற்றுவதாக மகள் சொன்னாள். நான் விடியவே எழும்பினேன். ஜன்னல்களைப் பூட்டினேன். தெர்மோஸ்டாட்டை அவள் அந்தக் காலத்தில் வைக்கிற அளவுக்குக் குறைத்தேன். சத்தமே இல்லாமல் ஓடுகிற சாமான். அவள் மெச்சுவாள் என்று நினைத்தேன்.

வெளியே தார்வீதி உருகுகிற வெயில். அவள் பட்டுச்சேலையோடு, நெற்றியில் வீபூதி வேர்வையில் கரைய உள்ளே வந்தாள். மின்விசிறிக்குக் கீழே இருக்கிற தன் பழைய கதிரையில் இருந்தாள். நான் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றேன், நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல். அவள் கிளாஸை வாங்கி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் போக சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். பிறகு இரண்டு கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்னப்பா உப்பிடிக் குளிருது? கூட்டிவிடுங்கோவன்."

"உமக்கெண்டுதான் போட்டனான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இப்ப வெக்கை வாறேல்லையே. அது நிண்டு கனகாலம்."

"எப்ப நிண்டது?"

யோசித்தாள். "ரண்டாவது பிள்ளை கிடைச்ச நேரமாயிருக்கவேணும். இப்ப எனக்கு உடன குளிரும். அங்கை சம்மரிலயும் போர்த்துக்கொண்டுதான் படுக்கிறனான்."

என் மனைவியின் உடம்பில் ஒரு காலம் முடிந்து இன்னொரு காலம் தொடங்கியிருந்தது. அது எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருக்கும். மருமகனுக்குக்கூடத் தெரிந்திருக்கும், போர்வை எடுத்துக் கொடுத்தது அவராகவும் இருக்கலாம். ஆறு வருடத்துக்கு முதல் காரில் ஏறிப்போன ஒருத்திக்கு நான் ஏசி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கூட்டுகிற சாட்டில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நீர் சொல்லேல்லை" என்றேன் சுவருக்கு.

"நீங்கள் கேக்கேல்லையே" என்றாள். அதில் கோபம் இருக்கவில்லை.

வீடு சூடாகச் சில நிமிடம் எடுக்கும். அவள் நடுங்கினாள். மேலே போய் அவளுடைய அலுமாரியைத் திறந்தேன். வெறும் சேலை மாட்டிகள். ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு மூன்றாக எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கிறாள், நானும் பைகளைத் தூக்கிக் காரில் வைத்திருக்கிறேன். என்னுடைய கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வந்தேன். பட்டுச்சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு, கைகள் தொங்கத் தொங்க இருந்து எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்தாள். என்னை இருக்கச் சொன்னாள். பக்கத்தில் இருந்தேன். தேர் இந்த முறை சுணங்கி வெளிக்கிட்டது என்றாள். ஓம் என்றேன். அப்படியே இருந்துவிடலாம் போல் இருந்தது.

மகளின் கார் ஹோர்ன் அடித்தது. வாசல்வரை கூடவே போனேன். அவள் முன்சீட்டில் ஏறியதும் மகள் சிரித்தாள். "அம்மா, வாட் இஸ் திஸ்? இந்த வெயிலுக்குள்ள அப்பான்ர ஸ்வெட்டரோ?"

மனைவி அப்போதுதான் கவனித்தவள்போல் குனிந்து பார்த்தாள். பிறகு கைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். மடியில் வைத்து ஒழுங்காக மடித்தாள். கார் ஜன்னலால் என்னிடம் நீட்டினாள்.

"வையுங்கோ. பனி தொடங்க உங்களுக்கு வேணும்" என்றாள்.